மலிவு, நினைவு, காலி: ஒரு பழைய கணிப்பொறிக்கு ஹார்ட் டிஸ்க் தேர்ந்தெடுப்பது பற்றி

1

மலிவு என்ற சொல்லை முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. சந்தையில் மலிவு என்றால் ஒரே ஒரு கணக்குதான்: கொடுத்த காசுக்கு எவ்வளவு கிடைத்தது? ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் மொட்டையாகிவிடுகிறது. ஒரு ஜி.பி.க்கு எவ்வளவு காசு என்று பார்க்கிறோம், எது குறைவோ அது மலிவு. இந்தக் கணக்கை நம்பி ஒரு பழைய கணிப்பொறிக்கு டிஸ்க் வாங்கப் போனால் என்ன ஆகும் என்பது பற்றியது இக்கட்டுரை. இதெல்லாம் ஏன் இந்த இதழில் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் மின்னியல் படித்தவன் இல்லை, எம்.ஏ. தமிழ். ஒரு நண்பருடைய பக்கங்களைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற அவசரத்தில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். நம்மில் பலருடைய பரணிலும் பீரோவிலும் இதுபோல ஏதோ ஒன்று கிடக்கிறது என்பதால் இது தனிமனித விஷயமாக மட்டும் நின்றுவிடவில்லை.

நண்பர் ஈழத்தவர். எண்பதுகளின் கடைசியில் அகதியாக ஜெர்மனி போனவர். அங்கே தொண்ணூறுகளில் நாலைந்து பேரோடு சேர்ந்து ஒளிநகல் எடுத்து ஒரு சிறு இதழ் நடத்தினார். அந்த இதழ்கள் கிடைக்குமா என்று கேட்டு நான் தொலைபேசியில் பிடித்தபோது அவர் சொன்னது:

"பேப்பர் எல்லாம் வீடு மாறேக்கை போயிட்டுது தம்பி. ஆனா நிலவறையிலை பழைய கொம்பியூட்டர் ஒண்டு கிடக்கு. எல்லாம் அதுக்குள்ளைதான். இப்ப டிஸ்க் கிறீச் கிறீச்செண்டு சத்தம் போடுது. விலை குறைஞ்ச டிஸ்க் ஒண்டு பார்த்துச் சொல்லும்."

"என்ன கம்ப்யூட்டர் அண்ணே?"

"அமிகா. அமிகா 1200."

2

அமிகாவைத் தமிழகத்தில் அதிகம் பேர் அறிந்திருக்க மாட்டார்கள். அது பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்காண்டிநேவிய நாடுகள் ஆகியவற்றின் நடுத்தர, தொழிலாளர் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து வைத்துக்கொள்ளப்பட்ட யந்திரம். தயாரித்தது கொமடோர் நிறுவனம். அதை நிறுவிய ஜாக் ட்ராமியல் 1928இல் போலந்தின் ஊட்ச் நகரில் பிறந்த யூதர், அவுஷ்விட்ஸிலிருந்து உயிர் தப்பியவர். கணிப்பொறி மேல்தட்டு வர்க்கத்துக்கானதல்ல, வெகுமக்களுக்கானது என்பதை வியாபார முழக்கமாகவே வைத்திருந்தார். 1984 தொடக்கத்திலேயே அவர் கொமடோரை விட்டு வெளியேறிவிட்டார். அமிகாவை வடிவமைத்த சிறு நிறுவனத்தைக் கொமடோர் வாங்கியது அதற்குப் பிறகு, அதே ஆண்டில். முதல் அமிகா 1985இல் நியூயார்க்கில் அறிமுகமானபோது ஆண்டி வார்ஹால் மேடையில் உட்கார்ந்து அதில் படம் வரைந்து காட்டினார். 1987இல் வந்த அமிகா 500தான் வீடுகளுக்குள் பரவலாகப் போனது. 1992 அக்டோபரில் அமிகா 1200 வந்தது. பிரிட்டனில் அதன் விலை 399 பவுன்.

வெகுமக்களுக்கான கணிப்பொறி என்ற சொல்லாடலுக்குள் ஒரு சின்ன சூது இருக்கிறது. விலையைக் குறைப்பதற்காக ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டார்கள். அடிப்படை விலைக்குக் கிடைத்தது விசைப்பலகையோடு ஒட்டிய ஒரு பெட்டியும் ஒரு ஃப்ளாப்பி டிரைவும்தான். ஓர் அமிகா ஃப்ளாப்பியில் 80 தடங்கள், இரண்டு பக்கங்கள், தடத்துக்கு 11 துண்டுகள், துண்டுக்கு 512 பைட் என மொத்தம் 880 கே.பி. கொள்ளும். ஒரு படம் வரைந்து சேமிக்க வேண்டுமானால் மென்பொருள் தட்டை எடு, உன் தட்டைப் போடு, திரும்ப அதை எடு, இதைப் போடு. யோசிக்கவும் வரையவும் யந்திரம் தயார், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் தனியாகக் காசு கொடு என்பதே ஏற்பாடு. 1989இல் அமிகா 500க்கென்று கொமடோர் விற்ற ஏ590 என்ற பெட்டியில் இருந்தது 20 எம்.பி. டிஸ்க். அந்தப் பெட்டி பக்கவாட்டில் செருகப்பட்டு, தனக்கெனத் தனி பவர் சப்ளையோடு மேஜையில் உட்கார்ந்திருக்கும்.

1992இல் வந்த அமிகா 600, 1200 ஆகிய இரண்டிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. மதர்போர்டிலேயே ஐடிஇ என்ற இணைப்பை வைத்தார்கள். ஐடிஇ கொமடோரின் சொந்தச் சரக்கு கிடையாது. ஐபிஎம் வகைக் கணிப்பொறிகளுக்காக எண்பதுகளின் நடுவில் பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது, பிறகு பொதுத்தரமாக ஆனது. கொமடோர் 1994 ஏப்ரல் 29 அன்று கலைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பொதுத்தரம் மட்டும் கொமடோரோடு சேர்ந்து சாகவில்லை. இன்றைக்கு நண்பரின் யந்திரத்துக்கு டிஸ்க் தேட முடிகிறதென்றால் அதற்கு ஒரே காரணம் இதுதான். தனக்கே தனக்கென்று ஓர் இணைப்பைக் கொமடோர் செய்து வைத்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத விஷயமே இருந்திருக்காது.

3

சரி, விஷயத்துக்கு வருவோம். எந்த டிஸ்க்கை வாங்குவதென்பதைக் கடையில் இருந்து தொடங்கக்கூடாது, யந்திரத்தில் இருந்து தொடங்க வேண்டும். அது எதை ஏற்கும், எதைத் தாங்கும், எவ்வளவு தூரம் எண்ணும்? அமிகா 1200இல் நான்கு எல்லைகள் இருக்கின்றன.

முதலாவது ஊசிகள். உள்ளே இருப்பது 44 ஊசி இணைப்பு, மடிக்கணினி டிஸ்க்குகளின் அளவு. 40 ஊசிகள் ஐடிஇக்கானவை. மீதியில் டிஸ்க்குக்கு வேண்டிய 5 வோல்ட் மின்சாரம் வருகிறது. அதாவது இரண்டரை அங்குல டிஸ்க்குக்குத் தனி மின்கம்பி தேவையில்லை. அதே காரணத்தால் கேபிளைத் தலைகீழாகச் செருகினாலோ ஒரு வரிசை தள்ளிச் செருகினாலோ டிஸ்க்கும் போகலாம், போர்டும் போகலாம். கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும் பக்கம் முதல் ஊசி. போர்டில் 1 என்று அச்சடித்திருக்கும் இடத்தோடு அதைப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். அமிகா 1200உடன் வந்த பவர் சப்ளை 23 வாட்தான் தரும். 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், 12 வோல்ட்டில் அரை ஆம்பியர். தட்டு சுற்றும் டிஸ்க் எதுவானாலும் கிளம்பும் நொடியில்தான் அதிகம் இழுக்கும்.

மூன்றாவது வேகம். விரிவாக்க அட்டை ஏதும் போடாத 1200இல் ஐடிஇ வழியாக நொடிக்கு 2 எம்.பி.யைத் தாண்டுவதே அபூர்வம். எனவே டிஸ்க்கின் மேல் அச்சடித்திருக்கும் வேகத்துக்குக் காசு கொடுப்பது வீண். மாட்டு வண்டிக்கு ரேடியல் டயர் போட்ட கதைதான்.

நான்காவதுதான் மிக முக்கியமானது: எண்ணிக்கை. யந்திரத்தின் ரோம் சில்லுக்குள் இருக்கும் டிஸ்க் இயக்கி, டிஸ்க்கில் ஓர் இடத்தைக் குறிக்க 32 பிட் எண்ணைப் பயன்படுத்துகிறது. அதில் அடங்கும் மொத்த இடம் 4,294,967,296 பைட். நாம் 4 ஜி.பி. என்கிறோம். அதற்கு மேல் எழுதச் சொன்னால் யந்திரம் முடியாது என்று சொல்லாது. பிழைச் செய்தி வராது. எண் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பழைய ஸ்கூட்டர்களில் 99999 கிலோமீட்டர் ஓடியபின் மீட்டர் 00000க்குத் திரும்புமே, அதே மாதிரி. 4 ஜி.பி.க்கு அப்பால் எழுதியதாக நீங்கள் நினைப்பது உண்மையில் டிஸ்க்கின் ஆரம்பத்தில், ஏற்கெனவே எழுதியதன் மேல் எழுதப்படுகிறது.

நண்பர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேமராக்களில் போடும் 32 ஜி.பி. அட்டை ஒன்றை வாங்கிவிட்டார். ஜி.பி. கணக்கில் பார்த்தால் அதைவிட மலிவு எதுவுமில்லை. யந்திரம் அதில் ஏறத்தாழ 8 ஜி.பி.யைத்தான் பார்த்தது. பரவாயில்லை என்று இரண்டாகப் பிரித்து, முதல் பாதியில் இயங்குதளத்தையும் தன் கோப்புகளில் ஒரு பகுதியையும் வைத்தார். சில நாள் ஓடியது. பிறகு பின்பாதியில் படங்களை ஏற்ற ஆரம்பித்தார். ஏற ஏற முன்பாதி அழிந்துகொண்டே வந்தது. மறுநாள் யந்திரம் எழும்பவில்லை.

"நான் ஒண்டையும் அழிக்கேல்லைத் தம்பி. புதுசா எழுதினனான், அவ்வளவுதான்."

நல்லவேளை, பழைய டிஸ்க் அப்போது உயிரோடு இருந்தது. போனது நகல் மட்டும்.

4

இனி, வாங்கக் கிடைப்பவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

அந்தக் காலத்து இரண்டரை அங்குல டிஸ்க். அசல் தோற்றம், அசல் சத்தம் வேண்டும் என்பவர்கள் இதைத் தேடுகிறார்கள். ஐடிஇ டிஸ்க்குகள் இப்போது புதிதாக வருவதில்லை. விற்பனைக்கு வருவது யாரோ கழற்றியது அல்லது கிடங்கில் கிடந்தது. 20, 40, 80 எம்.பி. டிஸ்க்குகளுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பல நாள் ஓடாமல் கிடந்தால் படிக்கும் முனை தட்டில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ரப்பர்த் துண்டுகள் உருகிப் பிசின் மாதிரி ஆகிவிடும். 'சோதித்தது, வேலை செய்கிறது' என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் சோதித்த அன்றைக்கு அது வேலை செய்தது, அவ்வளவுதான். பழமைக்காகத் தரப்படும் விலைக்கும் அதன் உழைப்புக்கும் சம்பந்தமில்லை. ஏக்கத்தைச் சரக்காக்குவதில் சந்தை எப்போதுமே கெட்டி.

மூன்றரை அங்குல டிஸ்க். இது தொண்ணூறுகளின் ஏழைகள் கண்டுபிடித்த வழி. அன்று மடிக்கணினி டிஸ்க்கின் விலை அதே கொள்ளளவுள்ள மேஜைக் கணிப்பொறி டிஸ்க்கைவிடக் கணிசமாக அதிகம். எனவே அமிகாக்காரர்கள் உள்ளே இருக்கும் தகரக் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, 44 ஊசியை 40 ஊசியாக்கும் கேபிளோடு, ஃப்ளாப்பிக்குப் போகும் மின்சாரத்தில் கொக்கி போட்டு, பெரிய டிஸ்க்கை உள்ளே திணித்தார்கள். ஓடவும் செய்தது. ஆனால் கிளம்பும்போது 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியருக்கு மேலும் கேட்கக்கூடிய டிஸ்க்கை அரை ஆம்பியர் தரும் சப்ளையில் மாட்டுவது, இருக்கிற மாட்டையும் சாகடிக்கிற வேலை. தட்டு முழு வேகம் பிடிப்பதற்குள் யந்திரம் தேடிப் பார்த்துவிட்டு டிஸ்க் இல்லை என்று முடிவு செய்துவிடும். ஒருமுறை ரீசெட் செய்தால்தான் கண்ணில் படும். அன்றைக்கு அது சரியான தேர்வு. இன்றைக்கு இல்லை.

காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை. 1994இல் சான்டிஸ்க் அறிமுகப்படுத்தியது. கொமடோர் மூடப்பட்ட அதே ஆண்டு. கேமராக்களில் பிரபலமான இந்த அட்டை ஐடிஇ மொழியைத் தானே பேசும்படி செய்யப்பட்டது. ஆகவே 44 ஊசிக்கும் அட்டைக்கும் நடுவே மொழிபெயர்க்கும் சில்லு எதுவும் தேவையில்லை. ஊசிக்கு ஊசி இணைக்கும் சாதாரண அடாப்டர் போதும். சுழலும் பாகம் இல்லை, சத்தமில்லை, சூடில்லை. இழுக்கும் மின்சாரம் பழைய டிஸ்க் இழுப்பதில் ஒரு சிறு பங்கு. ஒரு குறை உண்டு. எல்லா அட்டையும் எல்லா யந்திரத்தோடும் ஒத்துப்போவதில்லை. மாற்றித் தரச் சம்மதிக்கும் இடத்தில் வாங்குவது நல்லது.

எஸ்.டி. அட்டைக்கான அடாப்டரும், எம்சாட்டா வகை எஸ்.எஸ்.டி.க்கான அடாப்டரும் உண்டு. இவற்றில் நடுவே ஒரு சில்லு உட்கார்ந்து ஐடிஇயை வேறொன்றாக மொழிபெயர்க்கிறது. சில நன்றாக ஓடுகின்றன. ஆனால் கோளாறு வந்தால் குற்றம் அட்டையிலா, சில்லிலா, கேபிளிலா என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. எஸ்.எஸ்.டி.யின் கொள்ளளவில் பெரும்பகுதியை யந்திரம் பார்க்கவும் போவதில்லை.

ஆக, என் பரிந்துரை காம்பாக்ட் ஃபிளாஷ். அதிலும் 4 ஜி.பி. அட்டை. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தயாரிப்பாளர்கள் ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட் என்று கணக்கிட்டு விற்கிறார்கள். கணிப்பொறி 1024ஆல் பெருக்கி எண்ணுகிறது. அதனால் 4 ஜி.பி. என்று அச்சடித்த அட்டையில் இருப்பது யந்திரத்தின் 4 ஜி.பி. எல்லையைவிடக் குறைவு. வழக்கமாக நம்மை எரிச்சலூட்டும் இந்தக் குறைநிறை இங்கே நமக்குச் சாதகம். அட்டை முழுவதையும் பயமில்லாமல் பயன்படுத்தலாம். 880 கே.பி. ஃப்ளாப்பிகள் நாலாயிரத்துக்கு மேல் இதில் அடங்கும். ஒரு மனிதர் அமிகாவில் வாழ்நாள் முழுக்க வரைந்ததும் எழுதியதும் இதற்குள் போய்விடும்.

பெரிய அட்டைதான் கையில் இருக்கிறதா? முதல் 4 ஜி.பி.க்குள் மட்டும் பிரித்துக்கொண்டு மீதியைத் தொடாமல் விட்டுவிட்டால் போதும். 2018இல் வந்த 3.1.4, 2021இல் வந்த 3.2 ஆகிய புதிய இயங்குதளப் பதிப்புகள் இந்த எல்லையைத் தாண்டுகின்றன. ஆனால் அவற்றுக்கும் புதிய ரோம் சில்லுகளுக்கும் தனியாகக் காசு.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. இந்த யந்திரங்களின் போர்டில் இருக்கும் சிறு கெபாசிட்டர்கள் காலப்போக்கில் கசிந்து போர்டை அரிக்கும். அதை மாற்றாத யந்திரத்துக்கு எந்த டிஸ்க் வாங்கினாலும் அது கூரை ஒழுகும் வீட்டுக்குப் பீரோ வாங்குவது போலத்தான்.

5

அட்டையைத் தயார் செய்வது. அமிகா தன் டிஸ்க்கின் முதல் சில துண்டுகளில் ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொள்ளும். இந்த டிஸ்க் இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, இந்தப் பிரிவை இந்தக் கோப்பு முறையால் படிக்க வேண்டும் என்ற விவரங்கள் எல்லாம் அதில். ஆர்டிபி என்பார்கள். அதை எழுதுவதற்கான ஹெச்டிடூல்பாக்ஸ் இயங்குதளத்தோடு வருகிறது. பிரிவுக்கான அமைப்பில் ஒரே மாற்றத்தில் எழுதக்கூடிய உச்ச அளவு என்று ஓர் இடம் இருக்கும். அதில் 130560 என்ற அளவை வைக்க வேண்டும். பதினாறடிமான எண்ணாகக் கேட்டால் 1எஃப்இ00. அதாவது 512 பைட் துண்டுகள் 255. ஐடிஇ ஒரு தடவையில் 256 துண்டுக்கு மேல் கொடுக்காது. யந்திரமோ அதற்கு மேலும் கேட்கக்கூடும். இந்த ஓர் எண்ணைக் கவனிக்காமல் விட்டால் சிறு கோப்புகள் சரியாகவும் பெரிய கோப்புகள் சிதைந்தும் இருக்கும். பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

முதல் பிரிவைச் சிறியதாக, இயங்குதளத்துக்கு மட்டும் வைப்பது நல்லது. உங்கள் எழுத்துக்கள் இரண்டாவது பிரிவில் இருக்கட்டும். அமிகாவின் சொந்தக் கோப்பு முறையில், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அடுத்த தடவை பிரிவு முழுவதையும் சரிபார்த்து முடிக்கும்வரை எழுத விடாது. பெரிய பிரிவில் இது வெகுநேரம் எடுக்கும். பிஎஃப்எஸ்3 என்ற கோப்பு முறையில் இந்தத் தொல்லை இல்லை. அது இன்று இலவசமாகவும் மூலநிரலோடும் கிடைக்கிறது. ஆர்டிபியிலேயே அதைச் சேர்த்துவிடலாம். எதுவானாலும் சேமித்தவுடனே சுவிட்சை அணைக்கக்கூடாது. விளக்கு அணைந்த பிறகும் நாலைந்து நொடி பொறுக்க வேண்டும்.

இதையெல்லாம் இன்றைய கணிப்பொறியில் அமிகா போலவே நடிக்கும் மென்பொருள் கொண்டும் செய்யலாம். மென்பொருள் இலவசம். ஆனால் அதற்கு அமிகாவின் ரோம் தேவை. கொமடோர் செத்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, அதன் பதிப்புரிமை சாகவில்லை. கைமாறிக் கைமாறி வந்து இன்றும் உரிமம் வாங்கச் சொல்கிறது. யந்திரத்தைப் பழுது பார்க்கும் கடமை யாருக்கும் வந்து சேரவில்லை. உரிமை மட்டும் வாரிசுகளுக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

6

இனி பழைய டிஸ்க்கில் இருப்பதை வெளியே எடுப்பது. புதிய டிஸ்க் வாங்குவதன் முழு அர்த்தமும் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

சத்தம் போடும் டிஸ்க் ஒவ்வொரு முறை கிளம்புவதையும் கடைசி முறை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் எதையும் எழுதக்கூடாது. ஒழுங்குபடுத்தும் மென்பொருள் எதையும் ஓட்டக்கூடாது. முதலில் தன் கையால் ஆனவை, பிறகு மற்றவர் அனுப்பியவை என்ற வரிசையில் எடுக்க வேண்டும். மென்பொருளும் விளையாட்டும் கடைசி, அவை வேறெங்காவது கிடைக்கும். டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக லினக்ஸ் கணிப்பொறியில் மாட்டி, படிக்க மட்டும் அனுமதித்து, பைட் பைட்டாக முழு நகல் எடுப்பது நல்ல வழி. லினக்ஸுக்கு அமிகாவின் ஆர்டிபியும் அதன் சொந்தக் கோப்பு முறையும் தெரியும். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்துச் சிறு டிஸ்க்குகள் பலவற்றை யு.எஸ்.பி. அடாப்டர்கள் அடையாளம் காண்பதில்லை. இடத்தைக் குறிக்கும் முறை பழையது என்பதால்.

நண்பருடைய 80 எம்.பி. டிஸ்க் அப்படித்தான் கைவிரித்தது. அப்போது உதவியது 1200இன் இடது விலாவில் இருக்கும் பிசிஎம்சிஐஏ துளை. விலை குறைந்த ஓர் அடாப்டரில் இன்னொரு காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையைப் போட்டு அதில் செருகலாம். அதைப் படிப்பதற்கான இயக்கி இலவசமாகக் கிடைக்கிறது. அமிகா 720 கே.பி. டாஸ் ஃப்ளாப்பியைப் படிக்கும் என்பதால் அதில் ஏற்றிக் கொண்டு வந்து சேர்க்கலாம். இரண்டு இரவுகளில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தார். மூன்றாம் இரவு டிஸ்க் சுற்றவில்லை. அதன் பிறகு சுற்றவே இல்லை.

இப்போது எல்லாம் ஓர் அட்டையில். அதை யந்திரத்துக்குள் இருக்கும் புதிய அட்டைக்கு மாற்றியாயிற்று. பிறகு பிசிஎம்சிஐஏ அட்டையை வேறு வேலைக்கென்று அழித்துவிட்டார். சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து, யந்திரத்தின் அட்டையைக் கழற்றி மகனுடைய விண்டோஸ் மடிக்கணினியில் செருகியிருக்கிறார்கள். திரையில் ஒரு கேள்வி வந்தது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் வடிவமைக்க வேண்டும், செய்யட்டுமா?

"பெடியன் ஓம் எண்டு அமத்தப் போட்டான். நான் கையைப் பிடிச்சிட்டன்."

அமத்தியிருந்தால் போச்சு. விண்டோஸுக்கு ஆர்டிபி தெரியாது. தெரியாது என்று அது சொல்வதில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், இது இன்னும் பயன்பாட்டுக்கு வராதது, நான் ஒழுங்கு செய்து தருகிறேன் என்கிறது. ஓர் அதிகாரத்தின் மொழியில் எழுதப்படாதது எழுதப்படாததாகவே ஆகிவிடுகிறது. மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த நிலங்களை ஆளில்லாத நிலம் என்று வரைபடத்தில் எழுதியவர்கள் கேட்ட கேள்வியும் இதே கேள்விதான். காலி என்பது பொருளின் தன்மையாக இருப்பதைவிட, பார்ப்பவரின் வாசிப்பு எல்லையாக இருப்பதே அதிகம். தமிழ் படித்தவனுக்கு இது புதிதுமில்லை. படிக்க ஆளில்லாத வீட்டுச் சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வரலாறு நமக்கு உண்டு. ஆற்றில் விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அவை வெறும் ஓலை.

அந்த அட்டையில் இருந்தவை என்ன? அவரிடம் அன்று தமிழ் எழுத்துரு இல்லை. அதனால் டீலக்ஸ் பெயின்ட்டில் ஒவ்வொரு எழுத்தையும் மவுஸால் வரைந்து, வெட்டி ஒட்டி, பக்கம் பக்கமாகப் படமாகவே இதழைச் செய்திருக்கிறார். ஒரு வகையில் இதுவே அவரைக் காப்பாற்றியது. அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறையில் இருந்தன. எழுத்துரு தொலைந்தால் கோப்பு புரியாத குறிகளின் கூட்டமாகிவிடும். ஆனால் டீலக்ஸ் பெயின்ட்டின் ஐஎஃப்எஃப் பட வடிவம் 1985இலேயே விளக்கம் முழுவதும் வெளிப்படையாக வெளியிடப்பட்ட ஒன்று. அதனால் இன்றைய இலவச ஓவிய மென்பொருள்கள் சிலவும் அதைத் திறக்கின்றன. அவர் அனுப்பிய முதல் பக்கம் என் திரையில் திறந்தபோது 'அகதி' என்ற சொல்லின் 'தி' மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பக்கம் முழுக்க எல்லா 'தி'யும் அதே சாய்வில். ஒருமுறை வரைந்ததையே திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்.

7

1994 ஜூன் 5 அன்று, கொமடோர் கலைக்கப்பட்டு ஐந்து வாரங்களுக்குப் பிறகு, லண்டனில் ஆவணக் காப்பகம் பற்றிய தன் உரையைத் தெரிதா நிகழ்த்தினார். ஆவணக் காப்பகம் என்பதற்கான கிரேக்க மூலச்சொல் அதிகாரிகளின் வீட்டைக் குறிப்பது என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். ஆவணத்தை வைத்திருப்பவரிடமே அதற்குப் பொருள் சொல்லும் உரிமையும் சேர்கிறது என்பது அதன் சாரம். இதை நமக்குத் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம். பெருநிறுவனங்களின் கணிப்பொறிகளில் வாடகைக்கு இடம் பிடித்து நம் எழுத்துக்களை வைக்கிறோமே, அது யாருடைய வீடு? எந்தக் காலையில் அந்த வீட்டுக்காரர் இது காலி என்று முடிவு செய்வார்?

வார்ஹாலுக்கும் இது நேர்ந்தது. 1985இல் அமிகாவில் அவர் வரைந்தவை ஃப்ளாப்பிகளில் முடங்கிக் கிடந்து, 2014இல்தான் மீட்டெடுத்து வெளியிடப்பட்டன. பிட்ஸ்பர்கில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருந்தது, அதே ஊரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிக் குழு இருந்தது. நிலவறையில் இதழ் நடத்தியவருக்கு அருங்காட்சியகம் கிடையாது. ஒரு 4 ஜி.பி. அட்டை இருக்கிறது.

எனவே மலிவுக்கு வேறொரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த டிஸ்க்கில் இருந்து நம் எழுத்தை, யாரிடமும் அனுமதி கேட்காமல், நம் கையால் வெளியே எடுக்க முடியுமா? இது நாளை செத்தால் நமக்கு எவ்வளவு போகும்? எளிதாக நகல் எடுக்க முடிவதும், செத்தாலும் நம்மிடமிருந்து எதையும் கொண்டுபோகாததும்தான் மலிவான டிஸ்க். இந்தக் கணக்கில் ஒரு பெரிய அட்டையைவிட இரண்டு சின்ன அட்டைகள் மலிவு. ஓலைச் சுவடி ஆயிரம் ஆண்டு தாங்கியதால் சங்கப் பாட்டு நமக்கு வந்து சேரவில்லை. பெரும்பாலான ஓலைகள் அவ்வளவு காலம் தாங்காது. சிதையும் முன்பே யாரோ உட்கார்ந்து பெயர்த்து எழுதினார்கள்.

நண்பரிடம் இப்போது மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று யந்திரத்துக்குள், ஒன்று மேசை லாச்சியில், ஒன்று என்னிடம். லாச்சியில் இருப்பதன் உறைமேல் மகன் ஜெர்மன் மொழியிலும் அவர் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: வடிவமைக்கட்டுமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லவும்.